ராஜினாமா கடிதம் வேண்டாம், விடுப்புக் கடிதம் எழுதுங்கள்

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் 9, 10ஆம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். வயது 29. வருகிற ஜூன் மாதத்தோடு சேர்ந்து ஐந்து ஆண்டு முடியும். சம்பளம் 16,000 ரூபாய். அதில் பி.எஃப். 1,800 போகிறது. அதுபோக மாதம் 120 ரூபாய் எதற்கோ பிடிக்கிறார்கள், கேட்டதில்லை. இப்போது எனக்கு ஆறாம் மாதம், முதல் குழந்தை. ஜனவரி 25 என்று மருத்துவர் நாள் சொல்லியிருக்கிறார். விடுப்பு கேட்டு முதல்வரிடம் போனேன். அவர் தாளாளரைப் பார்க்கச் சொன்னார். தாளாளர் கோபித்துக்கொள்ளவில்லை. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்து, "நம் பள்ளியில் மகப்பேறு விடுப்பு என்று ஒன்று கிடையாதும்மா. டிசம்பரோடு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு. நல்லபடியாகப் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு ஜூனில் வா, புது ஆர்டர் போட்டுத் தருகிறேன்" என்றார். அலுவலக மேலாளர், "மகப்பேறுச் சட்டத்தையே போன வருடம் எடுத்துவிட்டார்கள், தெரியாதா?" என்கிறார். வேலைக்குச் சேர்ந்த அன்றே தேதி போடாத ராஜினாமா கடிதம் ஒன்று எழுதி வாங்கி வைத்திருக்கிறார்கள். பி.எட். சான்றிதழின் அசலும் அவர்களிடம்தான் இருக்கிறது. அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் என் நாத்தனாருக்கு ஒரு வருடம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. எனக்கு ஒன்றுமே இல்லையா? தாளாளரைப் பகைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில்தான் உங்களுக்கான பதில் இருக்கிறது. அந்த 120 ரூபாய்! நீங்கள் கணக்கு டீச்சர், 16,000க்கு 0.75 சதவீதம் போட்டுப் பாருங்கள். சரியாக 120 வரும். அது இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்துக்கு உங்கள் பங்காகப் பிடிக்கும் தொகை. பள்ளி தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 520 ரூபாய், சேர்த்துக் கட்ட வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இதற்குள் வருவார்கள். தமிழ்நாட்டில் தனியார் கல்வி நிறுவனங்களை இ.எஸ்.ஐ. வரம்புக்குள் கொண்டுவந்த அரசு அறிவிப்பை எதிர்த்துப் பள்ளி நிர்வாகங்கள் பத்தாண்டு வழக்காடின. 2020இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, அறிவிப்பு செல்லும் என்று சொல்லிவிட்டது.

இதனால் உங்களுக்கு என்ன? பிரசவத்துக்கு 26 வாரம், அதாவது 182 நாள், முழு ஊதிய அளவில் இ.எஸ்.ஐ. கழகம் உங்கள் வங்கிக் கணக்கில் பணம் போடும். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று) மொத்தம் 70 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால் போதும். நீங்கள் நான்கு ஆண்டுக்கு மேல் விடாமல் வேலை பார்த்திருக்கிறீர்கள், எழுபது நாள் ஒரு பொருட்டே அல்ல. 16,000 ரூபாய் சம்பளத்தை நாள் கணக்கில் பிரித்து 182ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 95,000 ரூபாய் வருகிறது.

இந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட உங்கள் தாளாளர் பெட்டியிலிருந்து போவதில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த ஆறு மாதம் அவர் உங்களுக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. அந்தச் சம்பளத்தை வைத்துத் தற்காலிகமாக ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். அவருக்கு இது தெரியவில்லையா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று எனக்குத் தெரியாது. இரண்டு வகைத் தாளாளர்களையும் பார்த்திருக்கிறேன். தெரியாதவர் என்றே வைத்துக்கொண்டு பேசத் தொடங்குவது நல்லது. அவருக்கும் முகம் காப்பாற்றிக்கொள்ள ஓர் இடம் கிடைக்கும்.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் சம்பளச் சீட்டில் பத்து இலக்கக் காப்பீட்டு எண் இருக்கும். இல்லாவிட்டால் அலுவலகத்தில் கேளுங்கள். அந்த எண்ணைக் கொண்டு இ.எஸ்.ஐ. இணையதளத்தில் கணக்குத் தொடங்கினால், எந்த மாதத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் என்று பள்ளி காட்டியிருக்கிறது என்பது தெரியும். கையில் 16,000 கொடுத்துவிட்டு ஏட்டில் 10,000 காட்டும் பள்ளிகள் உண்டு. அப்படியிருந்தால் பிடித்தம் 75 ரூபாய்தான் ஆகியிருக்கும். உங்களுக்கு 120 பிடிப்பதால் சம்பளம் முழுதாகவே காட்டப்பட்டிருக்கலாம். ஆனால் பிடித்ததைக் கட்டினார்களா என்பது வேறு விஷயம். கட்டாமல் விட்டிருந்தால் அது பள்ளியின் குற்றம், உங்கள் உரிமை அதனால் போய்விடாது. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் சம்பளச் சீட்டுகளைக் காட்டி எழுத்தில் புகார் கொடுங்கள். பள்ளியிடமிருந்து வசூலிக்கும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்து, மேலாளர் சொன்ன 'எடுத்துவிட்ட சட்டம்'. அவர் சொல்வது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிட அதிகம் அலைக்கழிக்கும். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டம் தனிச் சட்டமாக இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 என்பதற்குள் அது ஓர் அத்தியாயமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இ.எஸ்.ஐ. சட்டமும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டமும் அதே தொகுப்பில்தான் இருக்கின்றன. வீடு மாறியிருக்கிறதே தவிர ஆள் மாறவில்லை. 2017 திருத்தத்தில் 12 வாரத்திலிருந்து உயர்ந்த 26 வாரம் அப்படியே இருக்கிறது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதற்கு மேல் 12 வாரம் என்ற பிரிவும் இருக்கிறது. மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கக் கூடாது, பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றக் கூடாது என்பதும் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு இந்த அத்தியாயம் பொருந்தும். 10ஆம் வகுப்பு வரை நடக்கிற ஒரு பள்ளியைப் பத்துப் பேரை வைத்து ஓட்ட முடியாது. 'எங்கள் பள்ளியில் அப்படி ஒரு விடுப்பு கிடையாது' என்று ஒரு நிர்வாகம் சொல்வதற்கும், 'எங்கள் தெருவில் போக்குவரத்து விதி கிடையாது' என்று ஒருவர் சொல்வதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இனி ராஜினாமாவுக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் அலுவலகத்துக்கு ஒரு வேதியியல் ஆசிரியை வந்தார். கையில் நான்கு மாதக் குழந்தை, தோளில் ஒரு துணிப்பை. அவரிடமும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: ஜூனில் வா, புது ஆர்டர் தருகிறேன். ஜூனில் போனார். அவர் இடத்தில் வேறொருவர், மூவாயிரம் ரூபாய் குறைந்த சம்பளத்தில். "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். நான் கேட்டேன், என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று. துணிப்பையிலிருந்து நகலை எடுத்தார். அவரே தன் கையெழுத்தில், தெளிவாக, அழகாக எழுதியிருந்தார்: "என் சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகள் வாய்ப்பளித்த நிர்வாகத்துக்கு நன்றி." அந்த 'சொந்தக் காரணங்களுக்காக' என்ற வார்த்தையைச் சொல்லிக் கொடுத்து எழுத வைத்தவர் அலுவலக எழுத்தர். ஆனால் காகிதத்தில் எழுத்தரின் குரல் இல்லை, ஆசிரியையின் கையெழுத்துதான் இருந்தது. கட்டாயப்படுத்தினார்கள் என்பதற்குச் சாட்சி சொல்ல, கூட வேலை பார்த்த ஒருவரும் முன்வரவில்லை. அவர்களுக்கும் வேலை வேண்டுமே. அந்த வழக்கில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ராஜினாமா கேட்பதில் தாளாளருக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. அதை அவர் டீ கொடுத்தபோது சொல்லியிருக்க மாட்டார். ஜூனில் உங்களுக்கு ஐந்து ஆண்டு முடிகிறது. ஐந்து ஆண்டு தொடர்ச்சியாக வேலை பார்த்தவருக்கு, வேலையை விட்டுப் போகும்போது பணிக்கொடை தர வேண்டும். கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 16,000 முழுதும் இந்தக் கணக்குக்கான ஊதியம் என்று வைத்துக்கொண்டால், ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ 46,150 ரூபாய். பத்தாண்டுக்கு அதைப் போல இரு மடங்கு. டிசம்பரில் ராஜினாமா செய்து ஜூனில் 'புது ஆர்டர்' வாங்கினால் இந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். விடுப்பில் போனால் அந்த 26 வாரமும் தொடர்ச்சியான பணிக்காலமாகவே எண்ணப்படும். விடுப்பில் இருக்கும்போதே உங்களுக்கு ஐந்தாண்டு முடிந்துவிடும்.

ஆசிரியர்களுக்குப் பணிக்கொடை உண்டா என்பதற்கே பெரிய சண்டை நடந்தது. ஆசிரியர் 'ஊழியர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சொன்னது. அதன் பிறகு நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களைச் சேர்த்தது. அதை எதிர்த்துத் தனியார் பள்ளிகள் போட்ட வழக்குகளை 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 'பள்ளிக்கூடத்து ஆட்களுக்குப் பணிக்கொடை கிடையாது' என்று இன்னும் யாராவது சொன்னால், அவர் 2004லேயே நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ராஜினாமா எழுதாதீர்கள். நீங்கள் எழுத வேண்டியது விடுப்புக் கடிதம். இந்த வாரமே எழுதுங்கள், டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். நீளமாக வேண்டாம், சட்டப் பிரிவுகளை அடுக்கவும் வேண்டாம். கீழே உள்ள அளவு போதும்:

"மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு, நான் கருவுற்றிருக்கிறேன். ஜனவரி 25ஆம் தேதியைப் பிரசவ நாளாக மருத்துவர் குறித்துள்ளார். மருத்துவச் சான்றின் நகலை இணைத்துள்ளேன். ஜனவரி 4 முதல் 26 வாரங்களுக்கு மகப்பேறு விடுப்பில் செல்ல இருக்கிறேன். எனக்குப் பணியிலிருந்து விலகும் எண்ணம் இல்லை. விடுப்பு முடிந்ததும் ஜூலை முதல் வாரத்தில் பணிக்குத் திரும்புவேன். விடுப்புக் காலத்துக்கான இ.எஸ்.ஐ. பலனைப் பெறுவதற்கு நிர்வாகத்தின் ஒத்துழைப்பை வேண்டுகிறேன்."

இதில் மிக முக்கியமான வாக்கியம் எது என்று கேட்டால், 'பணியிலிருந்து விலகும் எண்ணம் இல்லை' என்பதைத்தான் சொல்வேன். அவர்கள் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் தேதியில்லாக் கடிதத்துக்கு இந்த ஒரு வரிதான் மருந்து. நாளைக்கு அந்தப் பழைய கடிதத்தில் டிசம்பர் 31 என்று தேதி போட்டு நீட்டினால், 'அக்டோபரிலேயே விலகும் எண்ணமில்லை என்று எழுதிக் கொடுத்தவர், விடுப்புக்கும் விண்ணப்பித்தவர், டிசம்பரில் ஏன் ராஜினாமா செய்தார்?' என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பழைய கடிதத்தின் மையும் காகிதமும் என்றைக்கு உரியவை என்பதெல்லாம் அதற்குப் பிறகு எழும் கேள்விகள். அந்த அளவுக்குப் போகத் துணிகிற நிர்வாகம் குறைவு. இன்னும் பத்திரமாக இருக்க விரும்பினால், 'பணியில் சேர்ந்தபோது என்னிடம் பெறப்பட்ட தேதியில்லாத கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று இன்னொரு வரி சேர்க்கலாம். ராஜினாமா நடைமுறைக்கு வரும் முன் அதைத் திரும்பப் பெறலாம் என்பது நீதிமன்றங்கள் வெகுகாலமாக ஏற்றுக்கொண்ட விதி. ஆனால் அந்த வரி தாளாளரை நேராகக் குத்தும். பகைத்துக்கொள்ள விரும்பவில்லை என்கிறீர்கள். முதல் கடிதத்தில் அதை விட்டுவிடுங்கள். பதில் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு இரண்டாம் கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, அலுவலகத்தில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு கையெழுத்தும் பள்ளி முத்திரையும் கேளுங்கள். போட மாட்டேன் என்றால் வாக்குவாதம் வேண்டாம். அன்று மாலையே தபால் நிலையத்துக்குப் போய் ஸ்பீடு போஸ்டில் ஒப்புகை வசதியோடு அனுப்பி, ரசீதைக் கடிதத்தின் நகலோடு குத்தி வையுங்கள். பள்ளியின் மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி போகட்டும். ஆசிரியர்களுக்கான வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். அது கடிதத்தை விண்ணப்பமாக இல்லாமல் கலகமாக்கிவிடும்.

தேதியைப் பற்றி ஒரு சொல். பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம், கட்டாயமில்லை. நவம்பர் 30இலேயே நீங்கள் போகலாம். ஆனால் அரையாண்டுத் தேர்வை முடித்துக் கொடுத்துவிட்டு ஜனவரி 4இல் போனால், ஜூலை 4 வரை 182 நாள் வரும், குழந்தையோடு இருக்கும் நாட்கள் கூடும். ஞாயிறு, பொங்கல், மே மாதக் கோடை விடுமுறை எல்லாமே இந்த 182க்குள் அடக்கம். விடுமுறையைக் கழித்துவிட்டு எண்ணக் கேட்க முடியாது. அதுபோலவே, 'மே மாதம் எப்படியும் விடுமுறைதானே, அதைக் கழித்துக்கொண்டு ஐந்து மாதம் போதும்' என்று அவர்களும் சொல்ல முடியாது. உடம்பு எப்படியிருக்கிறது என்பதை வைத்து நீங்களும் மருத்துவரும் முடிவு செய்யுங்கள். நான் சொன்ன தேதி ஓர் எடுத்துக்காட்டுதான்.

தாளாளர் பக்கத்தில் ஒரு நியாயமான கவலை உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு வரும் நேரத்தில் கணக்கு டீச்சர் இருக்க மாட்டார். நாமக்கல் பக்கத்தில் ஒரு பள்ளிக்குக் கணக்கில் எத்தனை சதம் என்பது அடுத்த ஆண்டுச் சேர்க்கையையே தீர்மானிக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே விடுப்புக் கடிதத்தோடு தனித் தாளில் ஒரு பாடத் திட்டம் கொடுங்கள்: டிசம்பருக்குள் எந்தெந்தப் பாடம் முடியும், ஜனவரியில் வருபவர் எதிலிருந்து தொடங்க வேண்டும், யார் யாருக்கு வடிவியலில் தனிக் கவனம் வேண்டும். இது சட்டக் கடமை இல்லை. ஆனால் இப்படி ஒரு தாளைக் கையில் வாங்கிய பிறகு 'பள்ளியை அம்போ என்று விட்டுவிட்டுப் போகிறார்' என்று ஒருவரும் பேச முடியாது. நான் பார்த்தவரை, பாதிச் சண்டைகள் இந்த ஒரு தாளிலேயே அடங்கிவிடுகின்றன.

ஆனால் அதற்கு மேல் இறங்காதீர்கள். 'வீட்டில்தானே இருக்கிறீர்கள், திருப்புதல் தேர்வு விடைத்தாளை மட்டும் திருத்திக் கொடுங்கள், ஆன்லைனில் ஒரு மணி நேரம் எடுங்கள்' என்று பிப்ரவரியில் தொலைபேசி வரும். வராவிட்டால் ஆச்சரியப்படுவேன். பிரசவம் ஆன நாளிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு பெண்ணிடம் தெரிந்தே வேலை வாங்குவதைச் சட்டம் தடை செய்கிறது. அந்தப் பெண்ணும் எங்கும் வேலை செய்யக் கூடாது என்கிறது. ஆறு வாரத்துக்குப் பிறகும் சிக்கல் உண்டு. ஊதியத்துக்கு வேலை செய்த நாளுக்கு இ.எஸ்.ஐ. மகப்பேறு பலன் கிடையாது. நாளைக்கு இருநூறு ரூபாய் என்று விடைத்தாள் திருத்தப் போய், ஐந்நூறு ரூபாயை இழப்பீர்கள்.

நாத்தனார் விஷயம். அவரோடு உங்களை ஒப்பிட்டு மனம் வருந்துவது இயல்புதான், ஆனால் இருவருக்கும் சட்டம் வேறு. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பை 2021 ஜூலை 1 முதல் ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக உயர்த்தியது. இது அரசு தன் ஊழியர்களுக்குத் தந்த சலுகை, தனியார் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. அரசு தரப்பிலும் எல்லாம் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு, 'இது உங்களுக்கு மூன்றாவது' என்று சொல்லி விடுப்பை மறுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 மே 23இல் வந்த தீர்ப்பு அவருக்குச் சாதகமானது. மகப்பேறு விடுப்பைப் பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதியாகவே நீதிபதிகள் பார்த்தார்கள். இருப்பினும் விடுப்பு தேவைப்பட்ட நேரத்தில் அந்தத் தீர்ப்பு அவர் கையில் இல்லை.

எழுத்தில் கேட்டும் மறுத்தால் எங்கே போவது? இங்கே பல ஆசிரியர்கள் தவறான கதவைத் தட்டி ஆண்டுகளை இழக்கிறார்கள். தொழிலாளர் நீதிமன்றம் உங்களுக்கு இல்லை. பள்ளி ஒரு 'தொழில்' என்றாலும் ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988இல் சொன்னது இன்னும் நிற்கிறது. நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (பொதுவாக அரசு அமைப்புகளுக்கு எதிராக உத்தரவு கேட்டுப் போடும் மனு) போடலாம் என்று யாராவது சொன்னாலும் அவசரப்படாதீர்கள். தனியார் பள்ளியின் பணி தொடர்பான தகராறுகளுக்கு, அதற்கென்று சட்ட விதி ஒன்றின் பின்புலம் இல்லாவிட்டால், ரிட் பொருந்தாது என்று 2022இல் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. மகப்பேறு பலனும் பணிக்கொடையும் 'தொழிலாளி' என்ற சொல்லைச் சார்ந்தவை அல்ல என்பதால் அந்த வழிகள் திறந்திருக்கின்றன. பணத்துக்கு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். விடுப்பை மறுத்தாலோ வேலையை விட்டு நிறுத்தினாலோ தொழிலாளர் துறை. உத்தரவு கையில் கிடைத்த 60 நாளுக்குள் முறையிட வேண்டும், அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். கூடவே தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அங்கீகாரத்தைப் புதுப்பிக்க அந்த அலுவலகத்துக்குத்தான் போயாக வேண்டும் என்பதால், பள்ளிகள் நீதிமன்றத்தைவிட அதற்கு அதிகம் அஞ்சும்.

அசல் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளப் பள்ளிக்கு உரிமை இல்லை. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டியதுதான். கல்விச் சான்றிதழை அடகு நகைபோலப் பிடித்து வைக்க முடியாது என்று கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் இதை இப்போது கிளப்பாதீர்கள். டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வுக்கோ வங்கிக் கடனுக்கோ தேவை என்று சொல்லி, வேறொரு நாளில், வேறொரு கடிதத்தில் கேளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கேட்டால் வேலையை விட்டுப் போவதற்காகவே கேட்கிறீர்கள் என்று எண்ணுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் வகுப்பறையில் ஆசிரியர் உட்கார நாற்காலி இருக்கிறதா? ஆசிரியர்கள் உட்கார்ந்துவிடுவார்கள் என்பதற்காகவே நாற்காலியை எடுத்துவிட்ட பள்ளிகளை நான் அறிவேன். துணிக்கடைப் பெண்கள் உட்படக் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. பள்ளிக்கூடத்தில் மட்டும் நாளைக்கு ஏழு பீரியட் நிற்பது கடமை உணர்ச்சி என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறது. பிரசவ நாளுக்கு முந்தைய பத்து வாரங்களில், நீங்கள் கேட்டால், நீண்ட நேரம் நிற்கும் வேலையையும் கடினமான வேலையையும் தரக் கூடாது என்று மகப்பேறு அத்தியாயம் சொல்கிறது. உங்கள் கணக்கில் அது நவம்பர் 16இல் தொடங்குகிறது. 'கேட்டால்' என்பதுதான் இங்கே முக்கியம். கேட்காவிட்டால் பள்ளி மீது தவறில்லை. நாற்காலி ஒன்று போடும்படியும், இடைவேளையில் மாடிப்படி மேற்பார்வை வேலையிலிருந்து விடுவிக்கும்படியும் முதல்வரிடம் ஒரு சிறு குறிப்பாக எழுதிக் கொடுங்கள். இதற்குத் தாளாளர் வரை போக வேண்டியதில்லை. பெரும்பாலும் முதல்வர்களே செய்துவிடுவார்கள், அவர்களும் ஒரு காலத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வகுப்பில் நின்றவர்களாக இருந்தால்.

குழந்தை பிறந்ததும் வீட்டில் யாராவது பள்ளிக்குத் தகவலை இரண்டு வரியில் எழுத்தில் அனுப்பட்டும். பிறப்புக்கான மருத்துவமனைச் சான்று இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போகட்டும். ஜூலையில் திரும்பும்போது புதிய கால அட்டவணை ஏற்கெனவே போட்டு முடிந்திருக்கும் என்பதால், ஜூன் முதல் வாரமே முதல்வருக்கு ஒரு கடிதம் போடுங்கள். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்டுவதற்கு நாளில் இரண்டு முறை உங்களுக்கு இடைவேளை உண்டு. உங்கள் வீடு பள்ளிக்குப் பக்கமா, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பக்கத்தில் என்றால் மூன்றாம் பீரியடையும் ஆறாம் பீரியடையும் காலியாக விடச் சொல்லிக் கேளுங்கள்.